மனுசி இல்லாத படங்கள்

தம்பி, இந்தக் கதிரையில ஆரும் இருக்கினமோ? இல்லையோ? அப்ப நான் இருக்கிறன். இருந்தென்ன, இன்னும் கொஞ்சத்தில எழும்பிடுவன். அந்தப் போர்டை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோவன், கண்ணாடியைக் காருக்குள்ள விட்டிட்டு வந்திட்டன். சென் லூசியாவால வாற பிளேன் இருக்கோ? இறங்கீட்டுது எண்டோ போட்டிருக்கு? இறங்கினால் ஆக்கள் வெளியில வரத்தானே வேணும். நானெண்டால் இவ்வளவுக்கு வீட்டை போய்த் தேத்தண்ணியும் குடிச்சிருப்பன்.

நீங்கள் ஆருக்கு நிக்கிறியள்? அம்மாவுக்கோ? லண்டனாலயோ? சந்தோசம், சந்தோசம்.

நான் என்ர மனுசிக்கு நிக்கிறன். விடுமுறைக்குப் போனவ. ஓம், சென் லூசியாவுக்குத்தான். ஓம், தனியத்தான். அப்பிடிப் பாக்காதேங்கோ தம்பி. கேக்கிற ஆக்கள் எல்லாம் அப்பிடித்தான் பாக்கினம். தங்கச்சி ஒவ்வொரு நாளும் போன் எடுத்து, "அண்ணா, மச்சாள் வருவாவோ?" எண்டு கேக்கிறாள். வராமல்? வீடு இஞ்ச, பிள்ளையள் இஞ்ச, நான் இஞ்ச. போன கிழமை வந்திருக்கவேண்டியவ, ரிக்கற்றை மாத்திப்போட்டா. அவ்வளவுதான். அதுக்கு ஊரெல்லாம் ஒரு கதை.

நடந்ததைச் சொல்லுறன். கேட்டுப்போட்டு நீங்களே சொல்லுங்கோ, ஆரில பிழை எண்டு.

என்ர பேர் பரராஜசிங்கம். பரா எண்டுதான் கூப்பிடுவினம். இந்த நாட்டுக்கு வந்த நாளில இருந்து பார்சல் ஓடினனான். ஒரு வாசலில வைச்சு, மணியை அடிச்சு, வீட்டுக்காரன் வந்து கதவைத் திறக்கேக்க நான் அடுத்த றோட்டில நிப்பன். ஒருத்தன் என்னில பிந்தி வந்ததெண்டு குறை சொன்னதில்லை. மனுசி தவமலர், தவம் எண்டுதான் சொல்லுறது, பிஸ்கற் செய்யிற ஃபக்டரியில. பெல்ற்றில பிஸ்கற் வந்துகொண்டேயிருக்கும், உடைஞ்சதைப் பாத்துப் பொறுக்கி எறியவேணும். நாள் முழுக்க நிண்ட நிலை. எனக்கு ஓடுற வேலை, அவவுக்கு நிக்கிற வேலை. குறையெண்டு சொல்லேல்ல. ரெண்டு பிள்ளையளைப் படிப்பிச்சம், வீட்டுக் கடனைக் கட்டி முடிச்சம். இருந்து கதைக்கத்தான் நேரம் கிடைக்கேல்ல. கதைக்கிறதுக்கும் என்ன இருந்தது? எல்லாம் ஒழுங்காத்தானே போனது.

போன வருசம் மாசியில எங்கட கலியாண நாளுக்குப் பிள்ளையள் ரெண்டு பேரும் சேந்து ஒரு கிழமை விடுமுறை எடுத்துத் தந்ததுகள். கரீபியன் கடலில ஒரு தீவு. கடற்கரையில ஹோட்டல். ரிக்கற்றை நீட்டேக்க மனுசி கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமோ?

"அங்க கதிரை இருக்குமோ?"

கதிரை! மூத்தவள் சிரிச்சுப்போட்டு, "அம்மா, கடற்கரை முழுக்கக் கதிரைதான்" எண்டாள். நான் அண்டைக்கே யோசிச்சிருக்கவேணும். யோசிக்கேல்ல. நான் அந்தத் தீவில என்னென்ன கிடக்கெண்டு பாத்துக்கொண்டிருந்தன்.

சின்னத் தீவு தம்பி. எங்கட ரொறன்ரோவளவுதான் வரும். ஆனால் என்ன இல்லை? எரிமலை இருக்கு, காரில வாசல் வரைக்கும் போய் இறங்கிப் பாக்கலாம். நீர்வீழ்ச்சி இருக்கு. கடலுக்குள்ள இருந்து கூம்பு கூம்பா எழும்பி நிக்கிற ரெண்டு மலை இருக்கு. பழைய கோட்டை இருக்கு. காட்டு மரங்களுக்கு மேலால கம்பியில தொங்கிக்கொண்டு போகலாம். திமிங்கிலம் பாக்க வள்ளம் ஓடுது. ஒரு கிழமைக்குள்ள ஒண்டும் விடாமல் முடிக்கலாம் எண்டு எனக்கு ஒரே பாய்ச்சல்.

கொஞ்சம் பொறுங்கோ. அந்தக் கதவு திறக்குது. இல்லை, இது வேற ஆக்கள். வெள்ளைக்காரர்.

முதல் நாள் மனுசி என்னோட வந்தவ. அதையும் சொல்லவேணும், வராமல் விடேல்ல. கத்பேட் எண்டு ஒரு ரக்சிக்காரன். முதல் எரிமலை. போற வழியெல்லாம் அழுகின முட்டை மணம், கந்தகம். சாம்பல் நிறத்தில சேறு கொதிச்சுக் கொதிச்சுப் புகையுது. பக்கத்தில சுடுதண்ணிக் குளம் ஒண்டு. அந்தச் சேத்தை உடம்பில பூசி, காய விட்டு, பேந்து குளத்தில இறங்கிக் கழுவவேணும். தோலுக்கு நல்லதாம். நல்லதுதான், ஆனால் காயுமட்டும் சும்மா நிக்க ஆரால ஏலும்? நான் பூசின கையோட ஒரு படம் எடுத்தன், கழுவினன், முடிஞ்சுது. திரும்பிப் பாக்கிறன், மனுசி முகம் கழுத்தெல்லாம் பூசிப்போட்டு வெயிலில கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறா. சிரிக்கிறா வேற.

"வாரும் வாரும், கத்பேட் காவல் நிக்கிறான்" எண்டன்.

கத்பேட் காரில சாஞ்சு நிண்டு மாம்பழம் தின்னுறான். "எனக்கொரு அவசரமும் இல்லை ஐயா, அம்மா ஆறுதலா வரட்டும்" எண்டுறான். அவனுக்கென்ன?

அங்கயிருந்து பூந்தோட்டம். பூ எண்டால் சும்மா பூ இல்லை, நண்டுக்கால் மாதிரிச் சிவப்பாய்த் தொங்குது, ஒண்டுக்குக் கீழ ஒண்டா. மனுசி ஒரு பூவுக்கு முன்னால நிண்டது நிண்டதுதான். பூ அசையாது, மனுசியும் அசையமாட்டா. பேந்து நீர்வீழ்ச்சி. பெரிசில்லை, ரெண்டு மாடி வீட்டு உயரம் வரும், கீழ ஒரு சின்னக் குளம். எல்லாரும் நீச்சலுடுப்போட வந்து தலையில தண்ணி விழ விழ நிக்கினம். மனுசி செருப்பைக் கழட்டிப்போட்டு ரெண்டு காலையும் தண்ணிக்குள்ள விட்டுக்கொண்டு என்னைப் பாத்தா.

"இறங்கட்டோ?"

"மாத்த உடுப்பு கொண்டரேல்ல. நனைஞ்சால் காரில எப்பிடி இருக்கிறது?" எண்டன். நியாயம்தானே? காலைத் துடைச்சு, செருப்பைக் கொழுவிக்கொண்டு வந்து காரில ஏறிட்டா. ஒண்டும் சொல்லாட்டில் எனக்கு எப்பிடித் தம்பி தெரியும்?

அடுத்த நாள் காலமை நான் தொப்பியும் போட்டு வெளிக்கிட்டு நிக்கிறன். மனுசி கட்டிலில இருந்தபடி, "நீங்கள் போட்டு வாங்கோ. நான் வரேல்ல" எண்டுறா. காய்ச்சலோ எண்டு நெத்தியில கை வைச்சுப் பாத்தன். காய்ச்சல் இல்லை.

"என்ன செய்யப் போறீர்?"

"இருக்கப் போறன்."

"எங்க?"

"கதிரையில."

இவ்வளவு தூரம் பறந்து வந்து கதிரையில இருக்கிறதோ? வீட்டில கதிரை இல்லையோ? கத்பேட் கீழ நிண்டபடியால் நான் நிண்டு வாக்குவாதப்படேல்ல. போனன். அண்டைக்குக் கம்பியில தொங்கினது. இடுப்பில வாரைக் கட்டித் தள்ளி விடுகினம், காடு கீழால ஓடுது, கண்ணை மூடித் திறக்க அடுத்த மரம். எனக்கு நல்லாப் பிடிச்சுது. அதுக்கடுத்த நாள் கோட்டை. பீரங்கியெல்லாம் அப்பிடியே கிடக்கு. மேட்டில ஏறினன், படம் எடுத்தன், இறங்கினன். அங்கயிருந்து நேரா திமிங்கில வள்ளம். திமிங்கிலம்தான் வரேல்ல. அது என்ர பிழையில்லை.

பின்னேரம் திரும்பி வந்து பாத்தால் மனுசி கடற்கரையில இல்லை. கதிரை வெறுமனே கிடக்கு. தண்ணியைப் பாத்தன், அங்கால பாத்தன், இஞ்சால பாத்தன். கடைசியில பாத்தால், ஹோட்டல் வேலிக்கு அங்கால வாதுமை மரத்தடியில புகை வருது. மார்சலின் எண்டு ஒரு மனுசி, நல்ல வாட்டசாட்டமான ஆள், அங்க தகரக் கொட்டில் போட்டு ஈரப்பலாக்காயை நெருப்பில சுட்டு விக்கிறவ. அந்தக் கொட்டிலுக்குப் பின்னால ஒரு கதிரை போட்டு, அதில என்ர மனுசி இருந்து ஈரப்பலாக்காய் சீவிக்கொண்டிருக்கிறா! சீவிப் பொரிச்சு, எங்கட மிளகாய்த்தூளும் உப்பும் பிரட்டி, பேப்பரில சுத்திக் குடுக்கிறா. இவ எங்க போனாலும் பெட்டிக்குள்ள மிளகாய்த்தூள் போகும். சனம் வரிசையில நிக்குது.

"இதென்ன கோலம்? விடுமுறைக்கு வந்து கடை போட்டிட்டீரோ?"

"சும்மா இருந்து கதைச்சனாங்கள். கதைக்கேக்க கை சும்மா இருக்கமாட்டனெண்டுது" எண்டுறா.

கதைச்சவையாம்! எங்கட ஆள் ஃபக்டரியில பழகின இங்கிலிஷ், அவ அந்தத் தீவு இங்கிலிஷ். என்னத்தைக் கதைச்சுதுகளோ. ஆனால் நாள் முழுக்கக் கதைச்சிருக்குதுகள். எனக்குப் பயம், ஒரு தமிழ்ச் சனம் கண்டால் என்ன நினைக்கும், பராவின்ர மனுசி கரீபியனில ஈரப்பலா விக்கிறா எண்டு.

இரவு சாப்பிடேக்க என்ர போனைக் குடுத்துப் படங்களைக் காட்டினன். எல்லாத்தையும் பாத்து, "வடிவா இருக்கு" எண்டா. "நீர் என்ன பாத்தனீர்?" எண்டு கேட்டன். "கடல்" எண்டா. "கடல் நேற்றும் பாத்தனீர்தானே?" எண்டன். "நேற்றையான் கடலை மார்சலினோட பாக்கேல்ல" எண்டுறா. கடல் ஒண்டுதானே, ஆரோட பாத்தாலென்ன? சொல்லுங்கோ பாப்பம்.

போர்டில ஏதும் மாறினதோ? பெட்டி வருகுது எண்டோ? சரி, சரி. பெட்டி வந்தால் ஆளும் வரும்.

அடுத்த நாள் மலை. நான் அதுக்காகத்தான் போனதே. ரெண்டு மலையில பெரிசில ஏறலாம், ஆனால் வழிகாட்டி இல்லாமல் விடமாட்டினம். எனக்கு வந்தது ஷெர்மா எண்டு ஒரு பிள்ளை, எங்கட மூத்தவளின்ர வயசிருக்கும். அரைவாசியில ஒரு இடம் இருக்கு, அங்க நிண்டு மற்ற மலையைப் பாக்கவேணுமாம், தண்ணி குடிச்சு மூச்சு விடவேணுமாம். நான் குடிச்சுக்கொண்டே நடந்தன். பெடியள் எல்லாம் வழியில குந்தியிருக்க நான் விலத்திக்கொண்டு போறன். உச்சிக்குப் போயிட்டன் தம்பி! இந்த வயசில! படம் எடுத்தன். ஷெர்மா தெற்கால கையைக் காட்டி, அங்க மங்கலா வேறொரு தீவு தெரியுது எண்டு சொல்ல வெளிக்கிட்டாள். நான் இறங்கத் தொடங்கீட்டன். வானம் கறுக்குது, கத்பேட் கீழ நிக்கிறான், பின்னேரம் மீன் சந்தை ஒண்டும் பாக்கவேணும்.

கல்லு ஈரம். கால் ஒரு பக்கம் போக உடம்பு மற்றப் பக்கம் போச்சு. முழங்காலுக்க ஏதோ டக்கெண்டுது.

ஏறினதைவிட இறங்கினதுதான் பெரும்பாடு. ஷெர்மா என்ர கையைத் தன்ர தோளில போட்டு, ஒவ்வொரு கல்லுக்கும் நிண்டு நிண்டு இறக்கினாள். நான் விலத்திப் போன பெடியள் எல்லாம் இப்ப என்னை விலத்திப் போகினம். "ஓகேயா, அங்கிள்?" எண்டு கேட்டுக் கேட்டுப் போகினம். கீழ வந்து சேரப் பொழுதுபட்டுட்டுது.

கத்பேட் ஹோட்டலுக்கு அடிச்சுச் சொல்லியிருக்கிறான். அடிவாரத்தில மார்சலினின்ர தமையன்ர பிக்கப் நிக்குது, அதுக்குப் பக்கத்தில மனுசி. கத்துவா, அழுவா எண்டு நினைச்சன். ஒண்டும் இல்லை. என்ர சப்பாத்தைக் கழட்டினா, முழங்காலில ஐஸ் பையை வைச்சுக் கட்டினா. கட்டிப்போட்டு நிமிந்து என்ர முகத்தைப் பாத்துக் கேட்டா:

"ஆர் உங்களைக் கலைக்கிறது?"

"என்ன?"

"கலியாணம் கட்டின நாளில இருந்து பாக்கிறன். ஆரோ பின்னால கலைச்சுக்கொண்டு வாறமாதிரித்தான் ஓடுறியள். ஆர் எண்டு கேக்கிறன்."

என்னட்டை மறுமொழி இருந்தது தம்பி. ரக்சி நிக்குது, மழை வருது, நேரம் போகுது. எத்தினை காரணம்! ஆனால் அந்த நேரம் ஐஸ் பையைத்தான் அமத்திப் பிடிச்சன். முழங்கால் சரியான நோ.

மிச்ச நாள் எழும்ப ஏலாது. ஒரு கதிரையில நான், மற்றக் கதிரையில என்ர கால். அந்த வாதுமை மரத்தடியில கொண்டுபோய் வைச்சிட்டினம், ரெண்டு பெண்டுகளுக்கும் நடுவில. அது ஒரு சீவியமோ? மீன் சந்தை பாக்கேல்ல, இன்னொரு நீர்வீழ்ச்சி பாக்கேல்ல, ஆமை வாற கரை ஒண்டிருக்காம், அதுவும் பாக்கேல்ல. நான் போனைப் பாக்கிறன், கடலைப் பாக்கிறன், திரும்பவும் போனைப் பாக்கிறன். அதுகள் ரெண்டும் கதைச்சுக்கொண்டே கிடக்குதுகள். சிரிக்கிறதெண்டால் கொஞ்சநஞ்சச் சிரிப்பில்லை. என்ர மனுசி அப்பிடிச் சிரிப்பா எண்டு எனக்குத் தெரியாது. வீட்டில சிரிக்க என்ன இருக்கு?

அப்பதான் அந்தக் கதை வந்தது. மார்சலின் கேக்கிறா, "உங்கட நாட்டில பெரிய நீர்வீழ்ச்சி இருக்காமே, நயாகராவோ என்னவோ, எப்பிடியிருக்கும்?" எண்டு.

என்ர மனுசி சொல்லுறா, "நான் பாக்கேல்ல."

நான் கதிரையால விழப் பாத்தன். "என்ன கதை கதைக்கிறீர்? எத்தினை தரம் கூட்டிக்கொண்டு போனனான்!" எண்டன். பொய்யே தம்பி? ஊரில இருந்து ஆர் வந்தாலும், லண்டன், பிரான்ஸ், ஜேர்மனி, எங்கயிருந்து ஆர் வந்தாலும், அடுத்த நாள் எங்கட வான் நயாகராவில நிக்கும். இந்த நகரத்தில என்னைப்போல நயாகரா காட்டினவன் ஒருத்தன் இருக்கமாட்டான். பாத்து, படம் எடுத்து, சாப்பிட்டு, இருட்ட முன்னம் வீடு.

தவம் கத்தியைக் கீழ வைச்சா. "போனனான்" எண்டா. "வானுக்குள்ள இருந்தனான். மேட்டில, றோட்டுக்கரையில."

மார்சலின் என்னைப் பாத்தா. நான் விளங்கப்படுத்தினன். பார்க்கிங் கண்டபடி விலை, ஒராள் உள்ளுக்க இருந்தால் றோட்டோரத்தில கொஞ்ச நேரம் நிப்பாட்டலாம். வாற ஆக்களின்ர குழந்தைப்பிள்ளை ஏதும் நித்திரையா இருக்கும். புட்டும் கறியும் பார்சல் கட்டவேணும், சனம் பசியில வரும். ஆரோ ஒராள் இருக்கத்தானே வேணும்? அவ தானாத்தான் இருந்தவ. "நீங்கள் போட்டு வாங்கோ" எண்டு அவதான் சொல்லுறவ. ஒருநாளும் நானும் வாறன் எண்டு கேட்டதில்லை. கேட்டவவோ? ஒருக்காக் கேட்டிருக்கலாம். எனக்கு ஞாபகமில்லை.

மார்சலின் அடுப்பை மூடினா, கையைத் துடைச்சா, என்ர மனுசியின்ர கையைப் பிடிச்சு எழுப்பினா. ரெண்டும் உடுத்த உடுப்போட கடலுக்க இறங்கீட்டுதுகள்! என்ர மனுசிக்கு நீந்தத் தெரியாது. இடுப்பளவு, பேந்து நெஞ்சளவு. அலை வரேக்க ரெண்டும் கை கோத்துக்கொண்டு துள்ளுதுகள். எனக்கு எழும்ப ஏலாது. கையைக் காட்டிக் காட்டிக் கூப்பிட்டன், வாரும், வாரும் எண்டு. நான் பம்பலுக்குக் கை காட்டுறன் எண்டு நினைச்சா போல. அவவும் கையை ஆட்டினா.

அதுகள் வெளிய வரேக்க சூரியன் அந்த ரெண்டு மலைக்கும் பக்கத்தில இறங்கீட்டுது. அதைப் படம் எடுத்திருக்கலாம். போன் சார்ச் முடிஞ்சு போச்சு.

அதுதான் பிறகு வில்லங்கமாப் போச்சு. திரும்பி வந்து தங்கச்சி வீட்டில ஒரு சாப்பாடு. நான் படங்களை ரீவியில போட்டுக் காட்டினன். எரிமலை, நான். கோட்டை, நான். மலை உச்சி, நான். தங்கச்சி கடைசி வரைக்கும் பாத்திட்டு, "மச்சாள் எங்கயண்ணா?" எண்டு கேட்டாள். எல்லாரும் திரும்பி தவத்தைப் பாக்கினம். தவம், "நான் அங்க இருந்தனான்" எண்டு சொல்லிப்போட்டுக் குசினிக்க போயிட்டா. அது காணாதே? ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டினமாம், பரா தனியப் போனவராம், மனுசி வேற எங்கயோ இருந்தவவாம். கோயிலில ஒருத்தர் என்ர தோளைத் தட்டி, "எல்லாம் சரிவரும்" எண்டுறார். என்ன சரிவாறது? என்ன பிழைச்சது?

தையோட தவத்துக்குப் பென்சன் வந்தது. ஃபக்டரியால கேக் வெட்டி அனுப்பினவை. அடுத்த கிழமை மூத்தவளைக் கொண்டு ரிக்கற் போட்டிட்டா. ஹோட்டல் இல்லை, மார்சலின் வீட்டில நிக்கிறதாம். "அப்ப நானும் வாறன்" எண்டன். சும்மா சொல்லேல்ல, மனசோடதான் சொன்னன்.

"நீங்கள்தான் எல்லாம் பாத்து முடிச்சிட்டியளே" எண்டா.

கோவத்தில சொல்லேல்ல தம்பி. சும்மா, உப்பிருக்கோ எண்டு கேக்கிற மாதிரிச் சொன்னா. அதில பிழையும் இல்லை. ஆமையையும் திமிங்கிலத்தையும் விட்டால் எல்லாம் பாத்தாச்சுத்தான்.

ரெண்டு கிழமை எண்டு போனவ. அது முடியேக்க போன் வந்தது: இன்னும் ஒரு கிழமை நிக்கப்போறாவாம். ஏனெண்டு கேட்டால், ஈரப்பலா இப்பதான் நல்லாக் காய்ச்சிருக்காம். இது ஒரு காரணமோ? நான் சரியெண்டன். வேற என்ன சொல்லுறது? "வாரும்" எண்டு சொல்ல வாயெடுத்தன். ஆனால் அந்தச் சொல்லை எத்தினை தரம் சொல்லியிருப்பன் எண்டு அண்டைக்குத்தான் யோசனை வந்தது, என்னவோ, சொல்லேல்ல.

எனக்குத் தனிமை கினிமை ஒண்டுமில்லை. அப்பிடி நினையாதேங்கோ. காலமை மோலுக்குள்ள நடந்தன். லைபிரரிக்குப் போனன். கோயிலுக்குப் போனன். வீட்டில மாடிக்கு ஏறினன், இறங்கினன். எல்லா அறையிலயும் லைற் போட்டுப் பாத்தன், நூத்தன். போன கிழமை ஒருநாள் ஒரு சோலியுமில்லாமல் பஸ் எடுத்து நயாகராவுக்குப் போனன்.

சிரிக்காதேங்கோ. சும்மா போனனான்.

போய் வழமைபோலப் பாத்தன். பாத்து முடிஞ்சுது. திரும்புற பஸ் பின்னேரம்தான். குளிர் எண்டால் அப்பிடியொரு குளிர், கம்பி வேலியெல்லாம் ஐஸ் பிடிச்சுக் கிடக்கு. ஒரு வாங்கில இருந்தன். இருந்து பாக்கேக்க, அந்தத் தண்ணி, அது விழுற இடத்தில வெள்ளை. மேல வளையிற இடத்தில பச்சை, போத்தல் பச்சை. அது எப்பவும் பச்சையோ, அண்டைக்கு மட்டும்தானோ தெரியாது. இத்தினை தரம் வந்தும் நான் கவனிக்கேல்ல. பக்கத்தில ஆருக்கும் சொல்லுவமெண்டு திரும்பினன். ஆரும் இல்லை.

பேந்து எழும்பி மேட்டுக்கு நடந்தன், முழங்கால் நோ நோவெண்ட. எங்கட வான் நிப்பாட்டுற இடம் இருக்கெல்லே, அங்க. வானுக்குள்ள மனுசி இருக்கிற பக்கத்தால எப்பிடிப் பாப்பாவோ, அப்பிடிப் பாத்து நிண்டன். என்ன தெரியுது எண்டு பாக்கத்தான். ஒரு மதில், ஒரு குப்பைத்தொட்டி, ஒரு ஹோட்டலின்ர பின்பக்கம். ஒண்டும் தெரியாது தம்பி. சத்தம் மட்டும் கேக்கும். சத்தம் நல்லாக் கேக்கும்.

அங்க நிண்டு அவவுக்குப் போன் எடுத்தன். எடுத்தா. "என்ன, சொல்லுங்கோ" எண்டா. பின்னால மார்சலின் சிரிக்கிறது கேக்குது, அலை கேக்குது. எனக்குச் சொல்ல இருந்தது வேற. வாயில வந்தது என்னெண்டால், "மிளகாய்த்தூள் எங்க வைச்சனீர்?"

"நான் இஞ்ச கொண்டு வந்திட்டன்" எண்டா. பேந்து, "எங்க நிக்கிறியள்? ஒரே இரைச்சலாக் கிடக்கு" எண்டு கேட்டா. "றோட்டில" எண்டன்.

அவ்வளவுதான் கதை. இதில ஆரில பிழை? சொல்லுங்கோ. யோசிச்சுச் சொல்லுங்கோ, அவசரமில்லை.

பொறுங்கோ. கதவு. அந்தா. நீலக் கம்பளிச் சட்டை, தொப்பி ஒண்டு போட்டிருக்கிறா, ஓலைத் தொப்பி. நல்லாக் கறுத்துப் போனா, என்ன? அதுதான் தவமலர். அதுதான் என்ர மனுசி. பாத்தியளே நடக்கிற நடையை? பின்னால சனம் நெருக்குது, அவ ஆரோ ஒரு பிள்ளைத்தாய்ச்சியின்ர பெட்டி வண்டிலைத் தள்ளிக்கொண்டு, கதைச்சுக் கதைச்சு வாறா. ஆரெண்டு தெரியாத ஒராளோட! நான் போய்ப் பெட்டியை வாங்கவோ? இல்லை, இருக்கட்டும். வரட்டும். அவ என்னைக் கண்டிட்டா.

இஞ்சாலப்பா, இஞ்சால! நில்லும், நான் வாறன். என்ன? இல்லை, முழங்காலுக்கு ஒண்டுமில்லை. பெட்டியைத் தாரும். இது தம்பி, தாயைக் காத்துக்கொண்டு நிக்கிறார், சும்மா கதைச்சுக்கொண்டிருந்தனாங்கள். வாகனமோ? கீழ நிக்குது, வாரு...

என்ன? களைப்போ? இதில கொஞ்ச நேரம் இருக்கவோ?

ஓம். ஓம், இருப்பம். அது நிக்கட்டும் அங்க. தம்பி, குறை நினையாமல் கொஞ்சம் அங்கால அரக்கி இருங்கோவன், அவவும் இருக்கட்டும். இரும். பையை என்ர மடியில வையும்.

ம். சொல்லும்.